மூன்றாம் வாரத்துக் குரல்

வாங்கம்மா, உள்ளே வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். சலேத்தம்மாள் வீடு இதுதான். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்த சலேத்தம்மாள் நான்தான். உட்காருங்க. வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடிங்க.

என்ன சொன்னீர்கள்? ஜோவிட்டாவா? அவளே என் பெயரைச் சொல்லி அனுப்பினாளா?

மாதாவே! சரி சரி, நீங்க சொல்லுங்க, கேட்கிறேன்.

ஓ, உங்கள் மகனுக்கா? நல்லது. ரொம்ப நல்லது. அவளுக்கு வந்த நோயையும் அவளே சொல்லிவிட்டாளா? உங்கள் முகத்துக்கு நேராகவா? தைரியசாலிதான். எங்கள் காலத்தில் தலைவலியைக்கூட மாமியாரிடம் மறைப்போம்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு மாதம், நூற்று எண்பது நாள், ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கினாளா இல்லையா. பாதியில் விட்டவர்களுக்கு அது திரும்பி வரும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழுதாக முடித்தாள் என்று என் வாயால் கேட்டுவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையே பூ வைக்க வந்துவிடுவீர்கள். அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். அப்படித்தானே?

சொல்கிறேனம்மா. சொல்லாமல் விடுவேனா? ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட முடியுமா? ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை. நாலையும் கேட்டுவிட்டுப் போங்க. நான் ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டேன், அது என் வழக்கமில்லை. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க.

அவளுக்கு டி.பி. என்று தெரிந்தபோது அவள் அம்மா பெர்னத்து முக்காட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். "மைனி, மாத்திரையை யாராவது ஒருத்தர் முன்னால வச்சுத்தான் விழுங்கணும்னு நர்சம்மா சொல்லுதாவ. எங்க வீட்டுல வச்சா வாற போற சொந்தக்காரங்க கண்ணுல படும். உங்க வீட்டுக்குன்னா பிள்ளை ஜெபம் சொல்ல வருதுன்னு நினைப்பாவ" என்று அழுதாள். நான் ஒரு நொடி யோசிக்கவில்லை. என் பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து கல்யாணம், வேலை என்று போய்விட்டார்கள், வீட்டில் நான் ஒருத்திதான். வரச் சொல் என்றேன்.

தினமும் காலைப் பூசை முடிந்ததும் வருவாள். நான் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பேன். விழுங்குவாள். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். அட்டையில் டிக் போடுவேன். அவளுக்கென்று ஒரு சில்வர் டம்ளர் தனியாக வைத்திருந்தேன், மற்றதோடு கலந்துவிடாமல் சிவப்பு நூல் கட்டி. அதெல்லாம் வேண்டியதில்லை என்று அந்த நர்சம்மா சொல்லிப் பார்த்தாள். சின்னப் பெண், என்ன தெரியும்? குடித்ததும் ஜோவிட்டாவே கழுவி மதில்மேல் கவிழ்த்துவிட்டுப் போவாள். நான் ஒன்றும் சொன்னதில்லை. அவளாகவே செய்வாள். அதோடு தினமும் அவளுக்காக ஒரு ஜெபமாலை. அது யாரும் கேட்காமல் நானாகச் செய்தது. ஆறு மாதமும் இந்த உதட்டைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. என் வயிற்றில் பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாது.

சுகமானாள். கன்னத்தில் சதை வைத்தது. பிறகுதான் இந்த ரேடியோ வந்தது.

உங்கள் மகனும் ரேடியோவில்தான் இருக்கிறானாமே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மீனவர் சங்கக் கட்டிடத்து மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி, ஒரு மேசை, இரண்டு மைக். கரைக்குரல் என்று பெயர். பதினைந்து பிள்ளைகள், எல்லாம் இருபத்தைந்துக்குள். ஜோவிட்டாதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் வள்ளத்திலும் கேட்கும் என்பார்கள். கருவாடு காயப்போடுகிற பெண்களெல்லாம் செல்போனில் அந்த ஒயரைச் சொருகிக்கொண்டு கேட்பார்கள். காற்றழுத்தம், கடல் நிலவரம், மீன் விலை, பிறந்தநாள் வாழ்த்து. அது போதாதா? நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் இவள் ஓடி வந்து, "மாமி, சனிக்கிழமையில இருந்து புது நிகழ்ச்சி. பதினேழு வாரம், பதினேழு வாக்கு" என்றாள்.

"என்ன பதினேழுட்டி?"

"உலகத்துல உள்ள நாடெல்லாம் ஒண்ணாச் சேந்து பதினேழு வாக்கு குடுத்திருக்கு மாமி. வறுமை இருக்கக்கூடாது, பசி இருக்கக்கூடாது, எல்லாருக்கும் நல்ல உடம்பு, படிப்பு, நல்ல தண்ணி, கடலைக் கெடுக்கக்கூடாது, இப்படிப் பதினேழு. ரெண்டாயிரத்து முப்பதுக்குள்ள."

என் நாத்தனார் பிரகாசி அப்போது இங்கேதான் உட்கார்ந்து வலையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "யாருக்குக் குடுத்தாவ வாக்கு?" என்றாள்.

"நமக்குத்தான் மாமி."

"நமக்கா? நேரா வந்து நம்ம கையைப் பிடிச்சு வாக்குக் குடுத்தவனே இன்னும் கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு கட்டித் தரல. கண்ணால காணாதவன் குடுத்த வாக்கை வச்சு நீ என்னட்டி செய்யப்போற?"

"கேப்போம் மாமி. எங்க குடுத்தீங்கன்னு கேப்போம். கேக்கதுக்குத்தான ரேடியோ."

"ஏ, வறுமையை எங்க வீட்டு வாசல்ல இருந்து ஒழிக்கச் சொல்லு. நான் வாரியலோட நிக்கேன்" என்று பிரகாசி சொன்னதை அந்தப் பிள்ளை அப்படியே செல்போனில் பிடித்து முதல் வாரம் போட்டுவிட்டாள். ஊரே சிரித்தது. பிரகாசிக்கு ஒரே பெருமை, இரண்டு நாளைக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டியா கேட்டியா என்று.

இரண்டாவது வாரம் பசி. அதற்குச் செசிலி. காலையில் புட்டு அவித்து விற்கிறாளே, சர்ச்சுக்குத் தெற்கே, அவள். "பசியை ஒழிச்சிட்டா எம் புட்டை யாருட்டி வாங்குவா?" என்று கேட்டுவிட்டு, அடுப்புப் புகையில் இருமு இருமு என்று இருமினாள். அந்த இருமலையும் வெட்டாமல் போட்டிருந்தார்கள். அதில்தான் வினை.

மூன்றாவது வாரம் உடல்நலம். எங்கள் பக்கத்தில் டி.பி. ஜாஸ்தி, அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஜோவிட்டா தீர்மானித்தாள். நோய் வந்து குணமான ஒருத்தர் வந்து பேசினால் நாலு பேர் பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று. அந்தப் பிள்ளைகள் தேடாத இடமில்லை. யார் வருவார்கள்? நோய் வந்திருந்தவர்களைக் கேட்டால் ஆஸ்துமா, மூட்டைப்பூச்சி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, கண்பட்டது. டி.பி. என்று ஒருத்தருக்கும் வந்ததேயில்லை இந்த ஊரில்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு நேயர்" என்றார்கள். ஆம்பிளைக் குரல் மாதிரி கனத்து, பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். மெஷினில் மாற்றுவார்களாமே. முதலில் எனக்கும் தெரியவில்லை. எனக்கு டி.பி. இருந்தது, மாத்திரை சாப்பிட்டேன், மூத்திரம் செங்கல் நிறத்தில் போகும், யாரும் பயப்படாதீர்கள், விடாமல் சாப்பிட்டால் குணமாகும், மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அடுத்தவர்களுக்கு ஒட்டாது என்றெல்லாம் சொன்னது. நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். பிறகு சொன்னது: "ஆனாலும் நான் மருந்து சாப்பிடப் போன வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. நோய் ஆறு மாதத்தில் போய்விட்டது. அந்த டம்ளர் இன்னும் போகவில்லை."

முறம் கையிலிருந்து விழுந்துவிட்டதம்மா.

யாரும் வரவில்லை என்று அவளே உட்கார்ந்து பேசியிருக்கிறாள். குரலை மாற்றிக்கொண்டு. சரி, பேசட்டும். நர்சம்மாவுக்கு நன்றி சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு நன்றி சொன்னாள். மாத்திரைக்குக்கூட நன்றி சொன்னாள், அதற்கு உயிரா இருக்கிறது? ஆறு மாதம் முட்டி தேய ஜெபம் சொன்னேனே, மாதா சுகமாக்கினாள் என்று ஒரு வார்த்தை? அது வரவில்லை. டம்ளர்தான் வந்தது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை, உண்மைதான். ஊரில் ஒருத்தருக்கும் அது என் வீடு என்று தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே.

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது. அன்றைக்கு அவளுக்காக ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் ஓலை. நீங்களும் வேதக்காரர்கள்தானே, உங்கள் பக்கத்தில் கல்யாண அறிக்கை என்பீர்கள், நாங்கள் ஓலை என்போம். அப்போது அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள், இதே ஊரில், விசைப்படகு வைத்திருக்கிற குடும்பம். அவர்களிடம் பெர்னத்து நோயைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஜோவிட்டா சொல்லிவிடுவோம் என்றுதான் சொன்னாளாம், அம்மாக்காரி கயிற்றைக் காட்டி மிரட்டியிருக்கிறாள். சாமியார் பலிபீடத்தில் நின்று இரண்டு பெயரையும் வாசித்து, "இவர்களுக்குள் விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்றார். எழுந்து சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குணமான நோய் விக்கினமா? அது வேறு.

என் மகன் ரொமால்டும் ஒரு காலத்தில் அவளைக் கேட்டான். மஸ்கட்டில் இருக்கிறான், கடைசிப் பையன். அவள் மாத்திரை முடித்து மூன்று மாதம் இருக்கும், போன் போட்டு, "அம்மா, ஜோவிட்டாவை எனக்குக் கேளுங்களேன்" என்றான். அவளுக்கு ஏற்கெனவே பேசிவிட்டார்கள் மக்கா என்று சொல்லிவிட்டேன். பிறகு பேசினார்கள்தானே, அதனால் அது பொய்யில்லை. பெற்றவள் மனசு, நீங்களும் மகனைப் பெற்றவர்கள், உங்களுக்குத் தெரியாததா? முப்பத்துமூன்று ஆகிறது அவனுக்கு. இன்னும் வேண்டாம் வேண்டாம் என்கிறான்.

எங்கே விட்டேன்? ஆமாம், ஊர். அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடிப்பதே அந்த வாரம் முழுக்க ஊருக்கு வேலையாகிவிட்டது. நல்ல தண்ணீர்க் குழாயில் அதுதான் பேச்சு, ஏலக்கூடத்தில் அதுதான் பேச்சு. "மெஷின்ல எவ்வளவு மாத்தினாலும் அந்த இழுவை தெரியுதுல்லா?" என்பாள் ஒருத்தி. கடைசியில் எல்லோரும் சேர்ந்து செசிலிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாவது வாரம்தான் இருமினாளே! புட்டு விற்கிறவளுக்கு டி.பி. என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்க. திங்கள்கிழமை பாதிப் புட்டு மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை முக்கால். புதன்கிழமை ஒருத்தரும் போகவில்லை. வியாழக்கிழமை யாரோ அவள் அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோவிட்டாவுக்கு இரண்டாவது ஓலை வாசிக்கிறார்கள், செசிலி கோயில் வாசலில் நின்று அழுகிறாள். "எனக்கு அடுப்புப் புகைட்டி, புகை" என்று ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்துச் சொல்கிறாள்.

ஜோவிட்டா என்ன செய்தாள் தெரியுமா? ரேடியோவில், "அந்த நேயர் புட்டு விற்பவர் அல்ல, யாரும் வதந்தியை நம்ப வேண்டாம்" என்று அறிவித்தாள். அதுவரை அரைகுறையாக நம்பியவர்களும் முழுதாக நம்பிவிட்டார்கள். தினமும் காலையில் செசிலியிடம் போய்ப் புட்டு வாங்கி எல்லோரும் பார்க்கத் தெருவில் நின்று தின்றாள். சின்னப்பிள்ளைத்தனம். அதற்கெல்லாம் ஊர் அசையுமா?

நான் என்ன செய்ய, சொல்லுங்க. ஓர் ஏழை மனுஷி வயிற்றில் மண் விழுகிறது. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் யாருக்கு?

எங்கள் தெருவுக்கு ஓர் அன்பியம் இருக்கிறது. இருபது வீடு சேர்ந்தது. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, கடைசியில் ஒவ்வொருத்தராக வாய்விட்டு மன்றாட்டு வைக்க வேண்டும், யாருக்காக என்று பெயர் சொல்லி. பெயர் சொல்லாத மன்றாட்டு விலாசம் எழுதாத கடிதம் என்பார் எங்கள் பழைய சாமியார். அந்தப் புதன்கிழமை பிரகாசி வீட்டில் கூட்டம். பதினெட்டு பேர் இருந்தோம். ஜோவிட்டாவும் பெர்னத்தும் கல்யாணப் புடவை எடுக்கப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ரோஸ்லி வந்திருந்தாள், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அது நான் ஏற்பாடு செய்ததா? அவள் வாராவாரம் வருகிறவள்தான்.

என் முறை வந்தது. நான் தீர்மானித்துக்கொண்டு போகவில்லையம்மா, ஆவியானவர் பேசவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "ஆண்டவரே, காசநோயில் கிடந்த எங்கள் மகள் ஜோவிட்டாவை, ஆறு மாதம் இந்த ஏழை சொன்ன ஜெபமாலைக்கு இரங்கி, மாதாவின் பரிந்துரையால் சுகமாக்கினீரே, உமக்கு நன்றி செலுத்துகிறேன். நடக்கப்போகிற அவள் கல்யாணத்தை ஆசீர்வதியும். அவள் வயிற்றில் பிறக்கிற பிள்ளைகளை அந்த நோய் தொடாமல் காத்தருளும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதினேழு பேரும் சொன்னார்கள். பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்குக் காதில் விழுந்தது. ரோஸ்லி மெதுவாக ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினாள். பிரகாசிதான், "மைனி, காப்பி ஆறுது" என்றாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார இடமில்லை. சாமியார் அறிக்கையை எடுத்தார். சவேரியார் தெரு மாப்பிள்ளை ஒருத்தன், அவன் பெயரை வாசித்தார். மேட்டுத் தெருப் பெண், அவள் பெயரை வாசித்தார். தாளை மடித்து வைத்துவிட்டார். ஜோவிட்டா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். புதுச் சட்டை. அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, பாருங்க. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் ராத்திரி சாமியாரிடம் மட்டும் போய் ஓலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சாமியார் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். கோயிலே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, எடுக்கத் தெரியாமல். எனக்கு மனசு கேட்கவில்லை. நற்கருணை வாங்கிவிட்டு வந்து அவளுக்காக அழுதேன்.

மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளிடம் சொன்னார்கள் என்கிறீர்களா? அன்பியத்தில் மன்றாட்டாக வைத்ததை வெளியே பேசக்கூடாது, அது எங்கள் கட்டுப்பாடு. ரோஸ்லி பக்தியான பெண். அதனால் அவர்கள், "ரேடியோவில் கேட்ட குரல் உன் குரல்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் இங்கே வந்தாள். அதோ, அந்த இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

"மாமி, தப்பு என் மேலதான். குரலை இன்னும் கொஞ்சம் மாத்தியிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்" என்று என் மடியில் தலையை வைத்து அழுதாள். "ஆறு மாசம் நீங்க காப்பாத்திக் குடுத்ததை நானே ஒரு நிமிசத்துல போட்டு உடைச்சிட்டேன்."

தலையைத் தடவிக்கொடுத்தேன். அழாத மக்கா, ஆண்டவர் சித்தம் என்றேன். அந்த நேரத்தில் நான் குறுக்கே போய் ஏதாவது சொல்லி அவள் மனசை இன்னும் நோகடிக்க வேண்டுமா? அவளுக்கு யாரையும் வெறுக்க வேண்டிய நிலைமை வரவில்லை பாருங்க, தன்னைத் தவிர. அதுவும் ஒரு கிருபைதான். நீங்களும் இதை அவளிடம் சொல்லிவிடாதீங்க.

அந்த டம்ளரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன்.

செசிலி விவகாரத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த நிகழ்ச்சி நின்றுபோயிருந்தது. ரேடியோ அதற்குப் பிறகு ஒரு வாரம் ஓடியது. நாலாவது வாரம், கல்வி. யாரும் பேச வரவில்லை, அவள் ஒருத்தியே உட்கார்ந்து பேசினாள். அவள் வாய் வைத்த மைக் என்று மற்ற பிள்ளைகளைத் தாய்மார்கள் விடவில்லை. மைக்கில் ஒரு கறுப்புப் பஞ்சு மாட்டியிருக்குமே, அதை யாரோ பிடுங்கிக் கடற்கரையில் போட்டு எரித்தார்கள். மாடிச் சுவரில் பதினேழு கட்டம் வரைந்து கலர் அடித்து வைத்திருந்தார்கள், ஒவ்வொரு வாரம் முடிந்ததும் ஒன்றில் பூப்போட. பதின்மூன்று அப்படியே கிடக்கிறது. சங்கத்து ஆட்கள் இப்போது அங்கே ஐஸ் பெட்டி அடுக்குகிறார்கள். அவளும் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

செசிலிக்குப் புட்டு வியாபாரம் திரும்பிவிட்டது. முன்னைவிட ஜோர். ஒரு ஜீவனைக் காப்பாற்றினேன் என்ற திருப்தி எனக்கு. ஆனால் அவள் தினமும் முதல் ஈட்டுப் புட்டைக் கொண்டுபோய்ப் பெர்னத்து வீட்டில் வைத்துவிட்டு வருகிறாள். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறாள். என் முகத்தில் விழிப்பதில்லை. ஏனென்றே தெரியவில்லை. நன்மைக்குக் காலமில்லை.

என்ன? உங்கள் ஊர் ரேடியோவிலும் அந்த மூன்றாம் வாரத்தை வாங்கிப் போட்டார்களா? அதைக் கேட்டு உங்கள் ஊரில் பதினொரு பேர் சளிப் பரிசோதனைக்குப் போனார்களா? நாலு பேருக்கு இருந்ததா? அடடே. அந்தக் குரல் யார் என்று விசாரித்துத்தான் உங்கள் மகன் அவளைத் தேடி வந்தானா? குரலைக் கேட்டா?

அந்த டம்ளர் பேச்சையும் கேட்டிருப்பான்.

ம். நல்ல பையனாகத்தான் இருக்க வேண்டும். இருங்க, எழுந்திருக்காதீங்க. நீங்க கேட்டதற்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தீர்கள்.

நான் பொய் சொல்ல மாட்டேனம்மா. இந்த வயதில் பொய் சொல்லி எதைக் கட்டிக்கொண்டு போகப்போகிறேன்? கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்பேன். பார்க்காததை என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். மாத்திரை நடந்துகொண்டிருந்தபோது நான் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்குச் சமைத்துப்போட வேனில் போனேன், நாலு நாள். போகும்போது நாலு நாள் மாத்திரையையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். "சரியா ஆறு மணிக்கு விழுங்கிட்டேன் மாமி, அம்மா பார்த்தா" என்றாள்.

விழுங்கியிருப்பாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. விழுங்கினாளா, உமட்டுகிறது என்று கடலில் எறிந்தாளா, அது மாதாவுக்குத்தான் தெரியும். பெர்னத்துப் பார்த்தாளாம். பெர்னத்து எதைத்தான் மறைக்கவில்லை?

சிகிச்சை அட்டையைக் காட்டினாளா? நூற்று எண்பதும் டிக் போட்டிருக்கிறதா? போட்டது நான்தான். அந்த நாலு டிக்கையும் அவள் முகத்தைப் பார்த்து, பாவம் பிள்ளை என்று போட்டுவிட்டேன். பார்க்காததைப் பார்த்ததாகப் போட்டது தப்புத்தானே. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி, அவர் கொடுத்த அபராதமும் செய்தாயிற்று. கடைசிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. பரிசோதனை மனுஷன் செய்வது. சாட்சி என்பது ஆண்டவருக்கு முன்னால் சொல்வது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காப்பி வைக்கிறேன் இருங்க, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது? நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே அம்மா. தங்கமான பிள்ளை. உங்கள் மகனிடமும் அப்படியே சொல்லுங்க, சலேத்தம்மாள் நல்லபடியாகத்தான் சொன்னாள் என்று. நூற்று எழுபத்தாறு நாள் அவள் ஒன்றுவிடாமல் மாத்திரை விழுங்கினாள். அதை நான் எந்தப் பீடத்துக்கு முன்னால் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.